கடைக்கோடிக் கடலில் கணக்குப் பிசகு

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், தென் துருவத்தை ஒட்டிய கடலில் தொழில் செய்துகொண்டிருந்த கப்பல்களுக்கு ஓர் உத்தரவு போயிற்று. வலையைச் சுருட்டுங்கள், இந்தப் பருவத்துக்கு இனி இங்கே பிடிக்கக் கூடாது என்பதே அந்த உத்தரவு. நவம்பர் 30 வரை நடக்க வேண்டிய தொழில் ஏறக்குறைய நான்கு மாதம் முன்னதாகவே முடிந்துபோயிற்று. அந்தக் கடலுக்கென்று விதித்திருந்த 6,20,000 டன்னும் பிடித்தாகிவிட்டது! விதித்த நாள் முதல் அந்த எண்ணைக் கப்பல்கள் தொட்டது அதுவே முதல் தடவை.

படிப்பகத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் தோழர் கேட்கக் கூடும்: “அரிசி விலை இருக்கிறது, கூலி உயர்வு இருக்கிறது, நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. பனிக்கடலில் எவனோ வலை வீசினால் நமக்கென்ன?” நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் நழுவப் போவதில்லை. ஆனால் முதலில் விவரம் என்னவென்று பார்ப்போம். விவரம் தெரியாமல் கோஷம் போடுவது நமக்குப் பழக்கமில்லை.

அங்கே பிடிப்பது மீன் அல்ல. கிரில் என்ற சிறு உயிர். நம் ஊர்ச் சந்தையில் கூனி என்று கூடையில் குவித்து, படியால் அளந்து விற்கிறார்களே, பார்வைக்கு அதைப் போலத்தான் இருக்கும். இனம் வேறு, அளவிலும் பெரிது. ஒரு விரல் நீளம், அதாவது 6 சென்டிமீட்டர் வரை வளரும். எடை 2 கிராமுக்கு மேல் போகாது. ஆனால் கூட்டம் கூட்டமாகத் திரியும். கூட்டம் மேலே வந்தால் கடலே செந்நிறமாகத் தெரியும். பெங்குவின் அதைத்தான் தின்கிறது. கடல்நாய் அதைத்தான் தின்கிறது. உலகத்திலேயே பெரிய உயிரான நீலத் திமிங்கலமும் அந்த விரலளவு உயிரைத்தான் டன் கணக்கில் விழுங்கி வாழ்கிறது. அந்தப் பனிக்கடலின் அடுப்பில் வேகிற சோறு அது ஒன்றுதான் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

இதை மனிதன் ஏன் பிடிக்கிறான்? பசித்த ஏழையின் தட்டில் போடுவதற்காகவா? அப்படியும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. சோவியத் நாட்டில் ‘ஓஷன்’ என்ற பெயரில் கிரில் விழுது செய்து கடைகளில் விற்றார்கள். மக்கள் நாக்கு அதை ஏற்கவில்லை. அதன் ஓட்டில் ஃபுளோரைடு மிகுதி. பிடித்த சில மணி நேரத்துக்குள் பக்குவம் செய்யாவிட்டால் தன்னைத் தானே கரைத்துக்கொண்டு கெட்டுப்போகும். ஆக, உணவாகப் பெரிய அளவில் எடுபடவில்லை. இன்று அது பெரும்பாலும் மாவாகவும் எண்ணெயாகவும் ஆகிறது. மாவு, பண்ணைகளில் வளர்க்கும் சால்மன் மீனுக்குத் தீனி. எண்ணெய், ஒமேகா-3 மாத்திரை. எஞ்சியது சீமான் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பண்டம். பசிக்காக அல்ல, சந்தைக்காகப் பிடிக்கப்படும் பொருள் இது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிடிப்பவர்கள் யார்? நார்வே முதலிடம். அடுத்தது சீனா. பிறகு தென்கொரியா, சிலி, உக்ரேன். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து கப்பல்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் மிதக்கும் தொழிற்சாலை. சில கப்பல்களில் வலையை மேலே தூக்குவதுகூட இல்லை. வலையின் வால்முனையில் குழாயை மாட்டி, இரவு பகலாக உறிஞ்சிக்கொண்டே போகிறார்கள். நம் ஊர்க் கட்டுமரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 1980-ல் கான்பெராவில் கையெழுத்தாகி, 1982-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி அண்டார்டிக் கடல்வாழ் உயிரினங்களைப் பாதுகாப்பதற்கென்று ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. தலைமையகம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரம். 27 உறுப்பினர்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் கூடி, எந்தக் கடலில் எதை எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். கப்பல்கள் பிடித்ததை அவ்வப்போது ஹோபார்ட்டுக்கு அறிவிக்க வேண்டும். அங்கே கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, அளவு நெருங்கியதும் மூடும் தேதியை அறிவிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நடந்தது இதுதான்.

அப்படியானால் சட்டம் வேலை செய்தது என்றுதானே பொருள்? அளவு வைத்தார்கள், அளவு எட்டியது, மூடிவிட்டார்கள். இதில் குறை என்ன?

குறை இருக்கிறது. அந்தக் குறையைப் புரிந்துகொள்ள, அதே கடலில் முன்பு நடந்த கதைகளைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

முதலில் போனவர்கள் கடல்நாய் வேட்டைக்காரர்கள். சவுத் ஜார்ஜியா என்ற ஒரே தீவிலிருந்து குறைந்தது 12 லட்சம் கடல்நாய்த் தோல்கள் போயிருக்குமென்று, அங்கே கப்பலோட்டிய ஜேம்ஸ் வெட்டல் 1820-களில் கணக்குச் சொன்னார். கடல்நாய் தீர்ந்தது. 1904-ல் அதே தீவில் கிரிட்விக்கன் என்ற இடத்தில் திமிங்கலத் தொழிற்சாலை எழுந்தது. திமிங்கலமும் குறையத் தொடங்கியது. அப்போது அரசுகள் விழித்துக்கொண்டு ஓர் அளவு வைத்தன. இரண்டாவது உலகப் போர் முடிந்த காலத்தில் வைத்த அந்த அளவு, ஆண்டுக்கு 16,000 ‘நீலத் திமிங்கல அலகு’. அலகு என்றால்? ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. துடுப்புத் திமிங்கலம் இரண்டு சேர்ந்தால் ஓர் அலகு. கூன்முதுகுத் திமிங்கலம் இரண்டரை. சேய் திமிங்கலம் ஆறு. எண்ணெய்க் கணக்குப் பார்த்துப் போட்ட அலகு இது! எந்த இனம் அழிகிறது என்ற கவலை அதில் இல்லை. எந்தக் கப்பலுக்கு எவ்வளவு என்ற பங்கும் இல்லை. பொதுவாக ஒரு மொத்தம். யார் முந்துகிறாரோ அவருக்கு லாபம்.

என்ன நடந்தது? பந்தயம் நடந்தது. ஒவ்வொரு கம்பெனியும் வேகமான வேட்டைப் படகு கட்டிற்று. மொத்தம் முடிவதற்குள் தன் பங்கை அள்ளிவிட வேண்டுமென்று ஓடின. அளவு இருந்தது, அளவுக்கு உட்பட்டும் இருந்தார்கள். நீலத் திமிங்கலம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மறைந்துகொண்டே வந்தது. அந்த அலகுமுறையை ஒழிக்க 1972 வரை பிடித்தது.

மூன்றாவது கதை, பளிங்குப்பாறை மீன் கதை. 1969-70 பருவத்தில் சோவியத் கப்பல்கள் சவுத் ஜார்ஜியாவைச் சுற்றி ஏறக்குறைய 4 லட்சம் டன் அந்த மீனைப் பிடித்தன. இரண்டே பருவங்களில் அந்த இனம் சரிந்தது. பல பத்தாண்டுகளாகியும் பழைய நிலைக்கு மீளவில்லை. உழைப்பாளர் ஆட்சி என்று பெயர் இருந்ததற்காகக் கடல் சலுகை காட்டவில்லை. முதலாளி வலையானாலும் சர்க்கார் வலையானாலும் மீனுக்கு ஒன்றுதான். இதை நம் பக்கத்திலிருந்தே சொல்வதில் நமக்குக் கூச்சமில்லை.

இந்தக் கதைகளுக்குப் பிறகு பிறந்ததுதான் ஹோபார்ட் கமிஷன். அதனால் அதன் விதிகளில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. மற்ற இடங்களில் மீனை மட்டும் பார்த்து அளவு போடுவார்கள். இங்கே, மீனைத் தின்னும் உயிர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று உடன்படிக்கையே கூறுகிறது. கிரிலைப் பிடித்த பிறகும், பிடிக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்கக் கூடியதில் 100-க்கு 75 பங்கு கடலில் மிஞ்ச வேண்டுமென்பது கணக்கு. பெங்குவினுக்கும் திமிங்கலத்துக்கும் அது ஒதுக்கீடு. நல்ல கணக்கு, பாராட்டுகிறோம்.

ஆனால் 6,20,000 என்ற எண் அந்தக் கணக்கிலிருந்து வந்ததல்ல! இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. அந்தக் கணக்கின்படி வந்த எண் வேறு. தென் அட்லாண்டிக் பக்கம் உள்ள கிரில் முழுவதையும் 2000-ல் ஒலி அலைக் கருவிகளால் அளந்தார்கள். அந்த அளவீட்டை 2010-ல் திருத்திப் போட்டபோது, மொத்தம் 6 கோடி டன்னுக்குச் சற்று மேல் என்று கிடைத்தது. அதிலிருந்து ஆண்டுக்கு 56 லட்சத்து 10 ஆயிரம் டன் எடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அப்படியே விட்டால், கப்பல்களெல்லாம் ஒரே மூலையில் போய் நிற்கும். அந்த மூலையில் உள்ள பெங்குவின் பட்டினி கிடக்கும். ஆகவே, பிடிப்பை எங்கெங்கே எப்படிப் பரப்புவது என்று ஓர் ஏற்பாடு வரும் வரையில் 6,20,000-ஐத் தாண்டக் கூடாதென்று ஒரு தடுப்புக் கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 6,20,000 எப்படி வந்தது? அதுவரை ஒவ்வொரு பகுதியிலும் ஏதோ ஓர் ஆண்டில் பிடித்த உச்சத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டினார்கள். வந்தது அந்த எண். உயிரினத்தை எண்ணி வந்ததல்ல, பழைய பிடிப்பைக் கூட்டி வந்தது. தற்காலிகக் கோடு. நம் ஊரில் ‘தற்காலிகப் பாலம்’ என்று மூங்கிலில் கட்டி முப்பது ஆண்டு அதிலேயே நடப்பதில்லையா, அதைப் போல.

அந்தக் கோட்டுக்கும் துணை ஒன்று தேவையென்று 2009-ல் உணர்ந்தார்கள். 6,20,000-ஐ நான்கு பகுதிகளுக்குப் பிரித்தார்கள். அண்டார்டிக் தீபகற்பத்தைச் சுற்றி 1,55,000 டன்னுக்கு மேல் கூடாது. சவுத் ஓர்க்னி தீவுகளில் 2,79,000. சவுத் ஜார்ஜியாவில் 2,79,000. சவுத் சாண்ட்விச் தீவுகளில் 93,000. இவற்றைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகம் வரும். பனி நிலைமைக்கு ஏற்ப அங்கே இங்கே நகரட்டுமென்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. முக்கியமானது முதல் எண்தான். தீபகற்பப் பக்கமே கப்பல்களுக்கு மிகவும் வசதி. பெங்குவின்களின் பெரிய குடியிருப்புகளும் அங்கேதான். 2013-க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் 1,55,000 எட்டப்பட்டு, பருவம் முடிவதற்கு முன்பே அந்தப் பகுதி மூடப்பட்டு வந்தது. வேலி இருந்தது, வேலி தடுத்தது.

அந்த வேலி 2024-ல் போய்விட்டது!

யாரும் பிடுங்கி எறியவில்லை. விதிக்குக் காலக்கெடு இருந்தது. 2024 அக்டோபர் கூட்டத்தில் அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பெரிய பேரம் நடந்துகொண்டிருந்தது. தீபகற்பத்தில் பிடிப்பளவைப் பல மடங்கு உயர்த்துவது, கூடவே அர்ஜென்டினாவும் சிலியும் கேட்டுவந்த பாதுகாப்புக் கடற்பகுதியை அமைப்பது என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டப் பார்த்தார்கள். மூட்டை அவிழ்ந்தது. பேச்சு முறிந்தது. பழைய விதியையாவது இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கலாமே என்றால், அதற்கும் எல்லோரும் இசையவில்லை. கமிஷனில் ஓட்டெடுப்பு கிடையாது. 27 பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் இல்லை. அளவு வைப்பதற்கும் இந்த விதிதான், அளவை நீட்டிப்பதற்கும் இந்த விதிதான். ஆகவே சும்மா இருந்தாலே போதும், வேலி தானாக விழுந்துவிடும்.

விழுந்தது. அடுத்த பருவத்தில் மொத்த அளவு மட்டும் இருந்தது, பகுதிப் பங்கு இல்லை. கப்பல்கள் தீபகற்பத்துக்கு விரைந்தன. பழைய எல்லையான 1,55,000 டன்னைத் தாண்டி அங்கே பிடித்தார்கள். முந்திய பருவத்தில் மொத்தப் பிடிப்பு ஏறக்குறைய 5 லட்சம் டன். இந்தப் பருவத்திலோ ஆகஸ்டுக்குள் 6,20,000. திமிங்கல அலகு காலத்துப் பந்தயம் மறுபடி தொடங்கிவிட்டது என்று நாம் சொன்னால் மிகையாகுமா?

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். “2019-ல் மறுபடி அளந்தபோதும் கடலில் 6 கோடி டன்னுக்குமேல் கிரில் இருந்தது. நாங்கள் எடுப்பது நூற்றில் ஒன்று. இதற்கா இவ்வளவு கூச்சல்?” என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கும் பொய்யல்ல. ஆனால் இதைக் கேளுங்கள். ஒரு மாவட்டம் முழுவதும் உள்ள கிணறு, குளம், ஏரி எல்லாவற்றின் தண்ணீரையும் கணக்கெடுத்து, “மொத்தத் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குதான் எங்கள் ஆலைக்கு வேண்டும்” என்று ஒரு முதலாளி கேட்கிறார். கொடுத்துவிடுகிறோம். அவரோ அந்த ஒரு பங்கையும் ஒரே ஊர்க் கிணற்றிலிருந்து, அதுவும் கோடைக் காலத்தில் இறைக்கிறார். மாவட்டக் கணக்கில் தவறில்லை. அந்த ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு நிற்கிறார்கள். அவர்களிடம் போய் ‘நூற்றில் ஒன்றுதான்’ என்று சொல்லிப் பாருங்கள்!

பெங்குவின் நிலை இதுதான். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் தாய்ப் பறவை நினைத்த தூரம் போக முடியாது. கூட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் குஞ்சு பிழைக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் கோடி டன் இருந்தாலும் அதற்கு எட்டாது. தீபகற்பத்தில் பல பத்தாண்டுகளாகப் பெங்குவின்களைக் கவனித்துவந்த அமெரிக்க விஞ்ஞானிகள் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அருகில் மீன்பிடிப்பு மிகுந்த காலங்களில் பெங்குவின்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு, பருவநிலை கெட்ட ஆண்டுகளில் ஏற்படும் பாதிப்புக்கு இணையாக இருந்ததென்று அதில் கூறுகிறார்கள். பெரும் பரப்புக்குப் போட்ட அளவைக் காட்டி, சிறு பரப்பில் ஆபத்தில்லை என்று முடிவு கட்டுவது பிழை என்பதும் அதன் சாரம்.

பழியை முழுக்க வலைமீது போடுவதும் நேர்மையல்ல. எலிஃபண்ட் தீவில் 1971-ல் ஏறக்குறைய 1,22,000 ஜோடி பெங்குவின்கள் இருந்தன. 2020-ல் எண்ணியபோது 53,000-க்கும் குறைவு. இதில் கடல் சூடாவதற்கு எவ்வளவு பங்கு, பனி குறைவதற்கு எவ்வளவு பங்கு, வலைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனிப்பாளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாசியைத் தின்றே உயிர் பிழைக்கின்றன. அந்தப் பனி 2023-ல், செயற்கைக்கோள் கண்காணிக்கத் தொடங்கிய காலந்தொட்டு இல்லாத அளவுக்குக் குறைந்தது. ஆனால் இது கம்பெனிகளுக்குச் சாதகமான வாதமா? வீட்டில் வருமானம் குறைகிறது என்று தெரிந்தால் செலவைக் குறைப்பதா, கூட்டுவதா?

2018-ல் பெரும்பாலான கம்பெனிகள் தாங்களாகவே ஓர் உறுதி கொடுத்தன. பெங்குவின் குடியிருப்புகளுக்கு அருகே, குஞ்சு வளரும் காலத்தில் பிடிப்பதில்லை என்றன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனாலும் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகைக்கும், ஒப்பந்தத்தில் எழுதிய உரிமைக்கும் வேறுபாடு உண்டென்பதைத் தொழிற்சங்கத்தில் நின்று பழகியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு கம்பெனி கப்பல் விட்டால், அந்த உறுதி அதைக் கட்டுப்படுத்தாது.

வேறொரு பக்கத்திலிருந்து, கிரில் பிடிப்பதையே அடியோடு தடை செய்ய வேண்டும் என்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒருவர் மறுத்தாலே தீர்மானம் வீழும் மன்றத்தில் முழுத் தடை கேட்பது, ஒன்றுமே கேட்காததற்குச் சமம். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கடலில் பிடிப்பதே பாவம் என்ற கொள்கையும் நமக்கில்லை. கரையோர மக்கள் பிழைப்பே அதுதானே! நாம் கேட்பது வேறு. பிடி, ஆனால் இடம் பார்த்துப் பிடி, காலம் பார்த்துப் பிடி.

இது நம் தொழிலாளிக்குப் புதிதல்ல. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டுமென்று அந்த இரண்டு மாதமும் எத்தனை வீடுகளில் அடுப்பு மந்தமாக எரிகிறது என்பது நமக்குத் தெரியும். நிவாரணம் போதவில்லை என்று நாமே எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். கூலிக்குப் படகேறும் ஏழை, மீனுக்காக 61 நாள் காத்திருக்க வேண்டும். கோடிக்கணக்கில் மூலதனம் போட்ட மிதக்கும் ஆலைகளுக்கு மட்டும் இடமும் காலமும் பார்க்க மனமில்லையா?

பந்தயத்தால் நஷ்டப்படுவது பெங்குவின் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். பொதுவான ஒரே எண்ணுக்காகப் பல கப்பல்கள் போட்டியிடும்போது, ஆலைத்தளத்தில் நிற்கும் தொழிலாளியின் ஓய்வுதான் முதலில் குறையும். பனிப்பாறைகள் மிதக்கும் கடலில், கரைக்குப் பல நாள் பயணத் தொலைவில், மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்பவர் அவர். “இன்று நீ அள்ளாவிட்டால் நாளை அடுத்த கப்பல் அள்ளிவிடும்” என்ற விரட்டல் அவர் முதுகில்தான் விழும். ஆகஸ்டில் மூடினால் நான்கு மாத வேலையும் போகும். பங்கு வரையறுத்து, நிதானமாகப் பிடித்தால் கப்பலுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. இதை எந்தக் கம்பெனி அறிக்கையிலும் நாம் காணவில்லை.

இனி, தோழர் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நமக்கென்ன?

அந்த 27 நாற்காலிகளில் ஒன்று இந்தியாவுடையது. 1986 முதல் இந்தியா அந்தக் கமிஷனில் உறுப்பினர். அந்தப் பனிக்கண்டத்தில் மைத்ரி, பாரதி என்ற இரு நிலையங்களை நம் வரிப்பணத்தில் நடத்துகிறோம். 1995-96-ல் ‘சாகர் சம்பதா’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் கிரிலைப் பற்றி அறிவதற்கென்றே அங்கே போய்வந்தது. 2022-ல் நாடாளுமன்றம் அண்டார்டிகாவுக்கென்று தனிச் சட்டமே செய்தது. நம்முடைய கிரில் கப்பல் ஒன்றும் அங்கே போட்டியில் இல்லை. ஆகவே இழப்பதற்கு லாபமும் இல்லை, மறைப்பதற்குக் கணக்கும் இல்லை. ஓங்கிப் பேச இதைவிடத் தகுதியான இடம் வேறு எது? 2021-ல், கிழக்கு அண்டார்டிகாவிலும் வெட்டல் கடலிலும் பாதுகாப்புப் பகுதிகள் அமைக்க வேண்டுமென்ற யோசனைக்கு இந்தியா ஆதரவு தெரிவித்தது. அது சரியான நிலை. அதே வாய் கிரில் அளவு பற்றியும் திறக்க வேண்டும்.

ஹோபார்ட்டுக்குப் போகும் நம் பிரதிநிதிகள் என்ன சொல்ல வேண்டும்? 2024-ல் காலாவதியான பகுதிப் பங்கீட்டை முதலில் மீட்க வேண்டும். அதை மற்ற எந்தப் பேரத்தோடும் முடிச்சுப் போடக் கூடாது. பகுதிகளை இன்னும் சிறியவையாகப் பிரித்து, குஞ்சு வளரும் மாதங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். அதுவரை 6,20,000 என்ற எண்ணை ஒரு டன்கூட உயர்த்த ஒப்பக் கூடாது. ‘ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் இல்லை’ என்ற விதி இதுவரை வேலியைச் சாய்க்கத்தான் பயன்பட்டிருக்கிறது. எண்ணை உயர்த்தும் யோசனை வரும்போது அதே விதி நம் கையிலும் இருக்கிறதல்லவா? நார்வேயானாலும் சீனாவானாலும் முகம் பார்க்க வேண்டியதில்லை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ராஸ் கடலில் பரந்த ஒரு பாதுகாப்புப் பகுதி அமைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் முட்டுக்கட்டை இருந்தது. 2016-ல் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தலையாட்டாதவர்களும் ஒரு நாள் தலையாட்டினார்கள். விடாமல் கேட்டவர்கள் இருந்ததால் அது நடந்தது.

நாடாளுமன்றத்தில் நமக்காகப் பேசுகிறவர்கள் அமைச்சரிடம் ஒரு கேள்வி போடட்டும். 2024 அக்டோபர் கூட்டத்தில், அந்த வேலி விழுந்த நாளில், இந்தியாவின் பிரதிநிதி என்ன பேசினார்? பேசியதை மக்கள் மன்றத்தில் வைக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் தேதி அங்கே புதிய பருவம் திறக்கிறது. பெங்குவின் குஞ்சு பொரிக்கும் காலமும் அதுதான்.